இயக்குநரின் மேல்வரிசை

மாட்டுத் தீவன ஆராய்ச்சி நிலையத்தில் அவளைக் கையக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். அவள் பார்த்த வேலைக்கு வலது கை ஒன்று வந்து சேர்ந்தால் போதும். மிச்ச உடம்பெல்லாம் துணைக்கு வருகிற உறவுக்காரர் மாதிரிதான். பதினான்கு வருடமாகத் தினமும் காலையில் தோள்வரை ஏறும் ரப்பர் உறையை மாட்டிக்கொண்டு ஒரு பசுவின் வயிற்றுக்குள் கையை விட்டு எடுப்பது அவள் உத்தியோகம்.

பசுவின் பெயர் ஜன்னல். இடது விலாவுக்குப் பின்னால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்ட ஓட்டை. அதைச் சுற்றி ரப்பர் வளையம், மேலே திருகுமூடி. டாக்டர்கள் எப்போதோ அறுத்துப் பொருத்தி, புண் ஆறி, ஜன்னலே அதை மறந்து வருடக்கணக்காகிவிட்டது. மூடியைத் திறந்தால் நேராக முதல் வயிறு தெரியும். பசுவுக்குள்ள நாலு வயிற்றில் அதுதான் பெரியது. தின்ற வைக்கோல் அங்கே போய் ஊறிப் புளித்து, அப்புறம் வாய்க்குத் திரும்பி வந்து அசை போடப்பட்டு, மறுபடி உள்ளே போகும்.

ஏதாவது ஒரு கம்பெனி, "எங்கள் பவுடரைக் கலந்து கொடுத்தால் வைக்கோல் நன்றாகச் செரிக்கும்" என்று டப்பாவில் அச்சடிக்க வேண்டுமென்றால் இந்த நிலையத்துக்குத்தான் வர வேண்டும். பொடித்த வைக்கோலைச் சின்ன நைலான் பைகளில் போட்டு, பாதிப் பைகளில் பவுடரைக் கலந்து, மீன்பிடி நரம்புக் கயிற்றில் கட்டி, கையக்கா ஜன்னலின் வயிற்றுக்குள் இறக்குவாள். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்து வெளியே எடுத்து, கழுவி, உலர்த்தி, எடை போடுவார்கள். பையில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவு செரித்தது என்று கணக்கு. பைகளைத் தைத்துக் கொடுப்பவர் கையக்காவின் வீட்டுக்காரர். தையற்காரர். கல்யாணச் சட்டைக்கு எடுக்கிற அளவைவிட மாட்டு வயிற்றுப் பைக்கு எடுக்கிற அளவில்தான் அவருக்குப் பெருமை அதிகம்.

நிலையத்தின் இயக்குநர் பேச்சில் மன்னன். வாயைத் திறந்தால் சாப்பாட்டு மணி அடித்தால்தான் மூடுவார். பார்க்க வருகிறவர்களை எல்லாம் ஜன்னலின் கொட்டகைக்குக் கூட்டிவந்து, படுத்திருக்கிற பசுவைத் தட்டி எழுப்பி நிறுத்தி, குச்சியால் விலாவைச் சுட்டிக்காட்டி முக்கால் மணி நேரம் பேசுவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வங்கி அதிகாரிகள், வழி தவறி உள்ளே வந்த தபால்காரர் என்று ஒரு நாளைக்கு ஆறு ஏழு கூட்டமாவது உண்டு. ஆனால் மனிதர் வேலையில் நேர்மை என்றால் அப்படியொரு நேர்மை. தன் கையெழுத்தில் கொட்டகைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்: "சோதனை தொடங்கியபின் நாற்பத்தெட்டு மணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. யாராக இருந்தாலும்." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு புதுப் பவுடரின் சோதனை. கம்பெனிப் பிரதிநிதி கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். அவரைப் பவுடர்காரர் என்றே சொல்லுவோம். ஆய்வுக்கூடத்திலிருந்து கெமிஸ்ட் பெண் தராசும் நோட்டுமாக நின்றாள். பார்த்ததை எல்லாம் எழுதிவிடுகிற சுபாவம் அவளுக்கு. ஒரு தடவை தராசில் ஈ உட்கார்ந்ததைக்கூட நேரத்தோடு எழுதி வைத்தவள்.

கையக்கா பத்துப் பைகளையும் ஒவ்வொன்றாக உள்ளே இறக்கி முடித்தாள். இயக்குநர் திறந்த ஜன்னலுக்கு மேல் குனிந்து, "பாருங்க, இதுதான் இயற்கையோட சமையல்கட்டு" என்று ஆரம்பித்தார்.

"சார், ஒரு நிமிஷம் இதை மோந்து பாருங்களேன், வாசனையே தனி" என்று பவுடர்காரர் டப்பாவைத் திறந்து அவர் மூக்குக்குக் கீழே நீட்டினார்.

இயக்குநர் இழுத்து மோந்தார். கண் சுருங்கியது. அடுத்த நொடி கொட்டகைத் தகரம் அதிர ஒரு தும்மல். தும்மலோடு வாயிலிருந்து ஏதோ ஒன்று வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பறந்து போய் ஜன்னலுக்குள் "களக்" என்று விழுந்தது. உள்ளே இருந்த பச்சைக் கூழ் அதை ஒரு குமிழியோடு விழுங்கிக்கொண்டது.

பவுடர்காரர் தும்மலுக்குப் பயந்து கண்ணை மூடியிருந்தார். கெமிஸ்ட் நோட்டில் நேரம் எழுதிக்கொண்டிருந்தாள். பார்த்தது கையக்கா மட்டும்தான். பழக்க தோஷத்தில் அவள் கை மூடியை எடுத்துத் திருகிவிட்டது. திருகி முடித்த பிறகுதான் தலையைத் தூக்கி இயக்குநரைப் பார்த்தாள். அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். கண்ணில் தண்ணீர். ஒரு வார்த்தை பேசாமல் பவுடர்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டு விறுவிறுவென்று தன் அறைக்குப் போய்விட்டார்.

பவுடர்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "மோந்ததும் ஏன் அப்படிப் போயிட்டாரு? ஏதாச்சும் கண்டுபிடிச்சிட்டாரா?" என்று கேட்டார்.

"எனக்கென்னங்க தெரியும்?" என்றாள் கையக்கா. சிரிப்பை அடக்க உறையின் நுனியைக் கடித்துக்கொண்டாள். அப்புறம்தான் அந்த உறை எங்கே போய்விட்டு வந்தது என்று ஞாபகம் வந்து துப்பினாள்.

கால் மணி நேரத்தில் இயக்குநர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. அவர் மேஜைக்குப் பின்னால் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு தாளை நகர்த்தினார். "என் மேல்வரிசைப் பல் செட் உள்ளே இருக்கிறது. எடுத்துக் கொடுங்கள்" என்று எழுதியிருந்தது.

"மூடியாச்சே சார்" என்றாள் அவள். "பத்து மணிக்கு சோதனை ஆரம்பம். நாப்பத்தெட்டு மணி நேரம் திறக்கக் கூடாது. யாரா இருந்தாலும். நீங்க போட்ட ரூல்தான் சார்."

இயக்குநர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அந்த நிமிடம் அவர் ஒரு கண்ஜாடை காட்டியிருந்தால் அவள் போய்த் திறந்திருப்பாள். காட்டவில்லை. பேனாவை எடுத்து, "சரி, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு" என்று எழுதினார். பிறகு வாயைத் திறந்து பேசியும் பார்த்தார்: "யார்ட்டயும் ஹொல்லாதீங்க."

"சத்தியமா சொல்ல மாட்டேன் சார்."

புதுசு செய்துகொள்ளலாமே என்றால், அவருடைய பல் டாக்டர் அச்சு எடுத்துச் செய்து கொடுக்கப் பத்து நாள் ஆகுமாம். அதனால் இயக்குநர் வாசல் கேட்டில் "மறு அறிவிப்பு வரை பார்வையாளர்கள் வர வேண்டாம்" என்று எழுதி ஒட்டச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

கையக்காவுக்கு ஒரு கவலை வந்தது. மூடியைத் திறக்கக் கூடாது, சரி. ஆனால் மாடு அசை போடுகிற பிராணி. உள்ளே போனதெல்லாம் உருண்டை உருண்டையாக வாய்க்கு வரும். பல் செட்டும் வந்தால்? அதைக் கடித்து நொறுக்கினால்? மூடியைப் பற்றித்தான் விதி இருக்கிறதே தவிர வாயைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு முக்காலியை எடுத்துப்போட்டு ஜன்னலின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துவிட்டாள். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மாடு ஒவ்வொரு உருண்டைக்கும் எத்தனை தடவை மெல்லுகிறது, ஒரு நாளில் எவ்வளவு நேரம் மெல்லுகிறது என்று பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு வந்தாள். இருட்டியபின் காவல்காரர் அந்த முக்காலியில் உட்கார்ந்து கோட்டைத் தொடர்ந்தார். எதற்கென்று அவர் கேட்கவில்லை. இயக்குநர் கோபமாக இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்ததால் எதையும் கேட்கிற நிலையில் அவர் இல்லை.

வீட்டில் சாப்பிடும்போது அவளுக்குத் திடீர் திடீரென்று சிரிப்பு வந்தது. தையற்காரர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"என்ன ஆச்சு உனக்கு?"

"ஒண்ணுமில்லங்க. சும்மா கேக்கறேன். ஒருத்தரோட பல்லு மாட்டு வயித்துக்குள்ள போயிட்டா என்னாகும்?"

"யாரோட பல்லு?"

"அதைச் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

தையற்காரர் யோசித்தார். "உங்க இயக்குநருக்கு அப்படியொரு பல்வரிசை அந்த வயசுல இருக்கறப்பவே நான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி சாப்பிட ஆரம்பித்தார். அவள் சத்தியத்துக்குப் பங்கமில்லை.

வியாழக்கிழமை காலை நிலையமே வேறு மாதிரி இருந்தது. வருகிற எல்லோரையும் வாசலில் நிறுத்திக் கால் மணி நேரமாவது பேசி அனுப்புகிற மனிதர், பேசாமல் உர்ரென்று பார்த்துக்கொண்டு உள்ளே போனால் யாருக்குத்தான் தன் பழைய தப்பு ஞாபகம் வராது? ஸ்டோர் அலுவலர் பத்து மணிக்கெல்லாம் ஒரு மேஜை விசிறியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மூன்று வருடமாக அவர் வீட்டில் சுற்றிக்கொண்டிருந்த அலுவலக விசிறி. இயக்குநர் மேஜைமேல் வைத்துவிட்டு, "தப்புதான் சார்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். இயக்குநருக்கு ஒன்றும் புரியவில்லை. ஜீப் டிரைவர் வந்து, மச்சினன் கல்யாணத்துக்கு ஜீப் போனதையும், திரும்பி வரும்போது மாப்பிள்ளையே ஓட்டிவந்து கேட்டில் இடித்ததையும் தானாகவே சொன்னார். கெமிஸ்ட் பெண் வந்து, மாதிரிகள் வைக்கிற குளிர்பெட்டியில் தன் சாப்பாட்டு டப்பாவை வைத்ததாகத் தேதிவாரியாக எழுதிய நாலு பக்கத்தைக் கொடுத்தாள். எல்லோருக்கும் இயக்குநர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார். அந்த ஆட்டலைப் பார்த்தவர்கள் இன்னும் எதையோ சொல்ல மறந்துவிட்டோமா என்று தாழ்வாரத்தில் நின்று யோசித்தார்கள்.

அன்று மத்தியானத் தேநீருக்குப் பிறகுதான் அது நடந்தது. ஜன்னல் காலை மடித்துப் படுத்துக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிச் சுகமாக அசை போட்டுக்கொண்டிருந்தது. கையக்கா கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் அடுத்த உருண்டை ஏறுவது தெரிந்தது. மென்றது. "கடக்" என்று ஒரு சத்தம். மெல்லுவது நின்றது. ஜன்னல் ஏதோ யோசிக்கிற மாதிரி தலையைத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டியது.

மாட்டுக்கு மேலே முன்பல் கிடையாது, வெறும் ஈறுதான். அந்த வெறும் ஈறில் கொஞ்சம் கோணலாக, இயக்குநரின் மேல்வரிசை உட்கார்ந்திருந்தது. பதினான்கு வருடமாகக் கூட்டங்களிலும் கொடியேற்றத்திலும் அவள் பார்த்த அதே சிரிப்பு. கையக்காவின் உடம்பு அவளைக் கேட்காமலே எழுந்து நின்றது. "வணக்கம் சார்" என்றாள்.

அந்த ஒரு நொடி மரியாதையில் காரியம் கெட்டது. அவள் சுதாரித்துக் கையை நீட்டுவதற்குள் ஜன்னல் உதட்டை மூடி, ஒரு தடவை தொண்டையை அசைத்து, எல்லாவற்றையும் மறுபடி உள்ளே அனுப்பிவிட்டது.

தகவல் சொல்ல அவள் அறைக்கு ஓடினாள். அங்கே பவுடர்காரர் இயக்குநருக்கு எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கழுத்துப்பட்டி தளர்ந்து தொங்கியது. அவள் கதவருகே நின்றுகொண்டாள்.

"நீங்க மோந்து பாத்ததுமே புரிஞ்சுகிட்டீங்க சார். எனக்கு அப்பவே தெரியும்" என்று பவுடர்காரர் சொல்லிக்கொண்டிருந்தார். "நேத்திலேர்ந்து நான் தூங்கல. நீங்க திட்டிட்டாக்கூடப் பரவால்ல சார். இப்படிப் பாக்காதீங்க."

இயக்குநர் வேறு எப்படிப் பார்ப்பது என்று தெரியாமல் அப்படியே பார்த்தார்.

"ஈஸ்ட்டுன்னு டப்பால போட்டிருக்கோம். ஈஸ்ட் இருக்கு சார், இல்லன்னு சொல்லல. ஆனா அது செத்த ஈஸ்ட். போன வருஷமே செத்துப்போச்சு."

இயக்குநர் ஒரு துண்டுத் தாளில் "அப்புறம்?" என்று எழுதி நகர்த்தினார்.

"முக்கால்வாசி சுண்ணாம்புக்கல் மாவு சார். கொஞ்சம் தவிடு. வாசனைக்கு சோம்பு."

இயக்குநர் அதே தாளில் "அப்புறம்?" என்ற சொல்லுக்குக் கீழே கோடு போட்டார்.

"அவ்வளவுதான் சார், சத்தியமா! வேற ஒண்ணும் அதுல இல்ல! டப்பால போட்டிருக்கிற பசு மாடுகூட எங்களோடது இல்ல, ஏதோ பால்மாவு விளம்பரத்துலேர்ந்து எடுத்தது!" என்று பவுடர்காரர் முகத்தை மூடிக்கொண்டார். கையக்கா அவருக்கு ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள்.

"சார்" என்றாள் திரும்பி வந்து. "பாத்தேன். முழுசா இருக்கு. உடையல. ஆனா மறுபடி முழுங்கிடுச்சு."

இயக்குநர் ஆர்வத்தில் எழுதுவதை மறந்து, "எப்பி இருந்துது?" என்று கேட்டார்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "உங்களுக்குத்தான் சார் நல்லா இருக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து அடித்ததும் மூடி திறந்தது. கையக்கா கையை விட்டு ஒவ்வொரு நரம்பாகப் பிடித்து இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று பைகள் சொட்டச் சொட்ட வந்தன. கெமிஸ்ட் எண்ணைப் படித்துத் தட்டில் அடுக்கினாள். ஏழாவது நரம்பு கனத்தது. இழுத்துப் பார்த்தால் பையின் ஓரத்தை வாகாகக் கவ்விப் பிடித்துக்கொண்டு மேல்வரிசை தொங்கியது. வைக்கோலும் கூழுமாக, பழுப்பேறிய பச்சை நிறத்தில்.

கெமிஸ்ட் அதை நன்றாகக் குனிந்து பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தாள்.

"ஏம்மா, அதை எழுதாதே" என்றாள் கையக்கா.

"எப்படிக்கா எழுதாம இருக்கறது? பை ஏழு: பல். இருந்துச்சா இல்லையா?"

"இருந்துச்சு."

"அப்ப எழுதித்தானே ஆகணும்?"

எது நியாயம் என்று கேட்பதற்கு இயக்குநரிடமே போனார்கள். கிண்ணத்துத் தண்ணீரில் பல் செட்டும், பக்கத்தில் நோட்டும். இயக்குநர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பல்லைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியாகிவிட்டது, பச்சை போகவில்லை. கொதிக்க வைத்தால் வளைந்துவிடும். முகத்துக்கு அருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே வைத்தார். அப்புறம் நோட்டை எடுத்து, கெமிஸ்டின் வரிக்குப் பக்கத்தில் தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். கையக்காவுக்கு அவர்மேல் அதுவரை இல்லாத ஒரு மரியாதை வந்தது. பல்லோடு இருந்தபோது வராத மரியாதை.

திங்கட்கிழமை முடிவு சொல்லும் கூட்டம். கம்பெனி முதலாளி இரண்டு நிபுணர்களோடு வந்தார். பவுடர்காரர் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்தார். இயக்குநர் எழுந்தார். வாயைத் திறந்தார். அறையில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் மேல் ஈறைப் பார்த்துவிட்டுச் சட்டென்று அவரவர் தாளைப் பார்த்தார்கள். அவர் ஒவ்வொரு வரியாகச் சொன்னார். கெமிஸ்ட் பக்கத்தில் நின்று அதே வரியைத் தெளிவாகத் திருப்பிச் சொன்னாள்.

பவுடர் கலந்த பைகளில் வைக்கோல் நூற்றுக்கு ஐம்பத்தொன்று செரித்திருக்கிறது. பவுடர் கலக்காத பைகளிலும் ஐம்பத்தொன்று. ஆகவே பவுடரால் பயன் இல்லை. ஆனால் இதற்கு முன் நடந்த மூன்று சோதனைகளிலும் வைக்கோல் நாற்பத்துநாலுக்கு மேல் செரித்ததே இல்லை. இந்தத் தடவை எல்லாப் பைகளிலும் ஏழு கூடியிருக்கிறது. காரணம் தெரியவில்லை.

"குறிப்பு" என்று கெமிஸ்ட் அடுத்ததைப் படித்தாள். "சோதனை நேரம் முழுவதும் மாட்டின் முதல் வயிற்றில் இயக்குநரின் மேல்வரிசைப் பல் செட் இருந்தது."

யாரும் சிரிக்கவில்லை. முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"மேல்வரிசைதானே? கீழ்வரிசை இல்லையே?"

"மேல்" என்றார் இயக்குநர்.

"எத்தனை பல்லு?"

"பஹினாலு."

"என்ன பிளாஸ்டிக்?"

"முதலாளி!" என்று கடைசி வரிசையிலிருந்து பவுடர்காரர் துள்ளி எழுந்தார். நாலு நாளாகச் செத்துக்கிடந்த மனிதருக்கு உயிர் வந்துவிட்டது. "மாட்டுக்கு மேல் முன்பல்லே கிடையாது முதலாளி! இத்தனை ஆயிரம் வருஷமா அது இல்லாம கஷ்டப்பட்டிருக்கு! நாம குடுக்கலாம்!"

நிபுணர்களில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பல் செட் உள்ளே உருளும்போது வைக்கோலை அரைக்கிறதா, அல்லது அதில் ஒட்டியிருந்த மனித எச்சில் ஏதாவது செய்கிறதா என்பது தனித்தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்றார். இன்னொருவர் பல்லின் கூர்மை முக்கியம் என்றார். கொஞ்ச நேரம் அப்படியே போனது. பிறகு முதலாளி, "அது உள்ள இருந்ததை யாராவது நேர்ல பாத்தீங்களா?" என்று கேட்டார்.

எல்லோரும் கதவருகே நின்றுகொண்டிருந்த கையக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

பதினான்கு வருடத்தில் அந்த அறைக்குள் அவள் தேநீர்த் தட்டோடுதான் வந்திருக்கிறாள். மாட்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. அவர்களுக்கு அதெல்லாம் புத்தகத்தில் இருந்தது. அவளுக்குக் கையில் இருந்தது. கதவை விட்டு இரண்டு அடி முன்னால் வந்தாள்.

"பல்லு பாத்தேங்க. ஆனா பல்லுனால இல்லங்க" என்றாள்.

"பின்ன?"

"உள்ள மேல்பக்கம் வைக்கோல் மெத்தை மாதிரி மிதக்கும். அடியில கூழு. அது புளிச்சுக்கிட்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத பூச்சிங்க கோடிக்கணக்குல இருந்து அதுங்கதான் வைக்கோலைக் கரைக்கறதா கெமிஸ்டம்மா சொல்லும். புளிப்பு ஜாஸ்தியானா அதுங்க சோந்து போயிடும். மாடு அசை போட்டா எச்சில் ஊறும். எச்சில் உள்ள போனா புளிப்பு குறையும். இது கையை விட்டாலே தெரியும். புளிச்ச அன்னிக்குக் கூழு வழவழன்னு இருக்கும், நல்லா இருக்கற அன்னிக்கு நொய்யரிசி மாதிரி நறநறன்னு இருக்கும்."

காலண்டர் தாளை இடுப்பிலிருந்து எடுத்துப் பிரித்தாள்.

"பதினாலு வருஷமாப் பாக்கறேன், எப்பவும் அஞ்சு மணி நேரம், மிஞ்சினா ஆறு மணி நேரந்தான் அசை போடும். படுக்க விட்டாத்தானே? கூட்டம் கூட்டமா ஆளுங்க வந்தா எழுப்பி எழுப்பி நிறுத்துவோம். எந்திரிச்சா மெல்லறத நிறுத்திடும். இந்தத் தடவை சாருக்குப் பல்லு இல்ல. அதனால பேச்சு இல்ல. அதனால ஆளுங்களும் இல்ல. ரெண்டு நாளும் ஒம்பது மணி நேரம், ஒம்பதே முக்கால் மணி நேரம். கோடு போட்டிருக்கேன். அவ்வளவுதாங்க."

இயக்குநர் அவள் கையிலிருந்த தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் காது சிவந்துகொண்டே வந்தது. ஏழு சதவீத வைக்கோலை இத்தனை வருடமாகத் தின்றது தன் பேச்சுதான் என்று ஒரு மனிதனுக்குத் தெரிய வந்தால் காது சிவக்கத்தான் செய்யும். ஆனாலும் தாளை மடித்து நோட்டுக்குள் பத்திரமாக வைத்தார்.

முதலாளி மட்டும் உச்சுக்கொட்டினார். "அம்மா சொல்றது நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆளுங்க வராம இருக்கறத எப்படிம்மா டப்பால அடைச்சு விக்கறது? பல்லுன்னா அது ஒரு பொருள்."

கூட்டம் முடிந்தபோது பல்லுக்குத் தனிச் சோதனை என்று முடிவாகியிருந்தது. ஐந்து மேல்வரிசைகள் வேண்டும். வாங்கிவர வேண்டியவள் கையக்கா.

பல் டாக்டரின் அறையில் வரிசையில் நின்று அவள் முறை வந்ததும் விஷயத்தைச் சொன்னாள்.

"அஞ்சு மேல்வரிசையா? குடும்பத்துல அஞ்சு பேருக்கா?" என்றார் டாக்டர்.

"இல்லங்க டாக்டர். ஒரு மாட்டுக்கு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அதைக் கூட்டிட்டு வரணும்மா. அளவு எடுக்காம நான் எதுவும் பண்றதில்ல" என்றார்.

"வாயில போடறதுக்கு இல்லங்க. வயித்துல போடறதுக்கு."

டாக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். யாரும் வந்து வாங்காமல் அலமாரியில் கிடந்த பழைய செட்டுகளில் ஐந்தைப் பொறுக்கி ஒரு காகித உறையில் போட்டுக் கொடுத்து, அவள் போகும்வரை நர்ஸைப் பக்கத்திலேயே நிற்கச் சொன்னார்.

சோதனை நடந்தது. இந்தத் தடவை பவுடர்காரரின் உற்சாகத்தில் தினமும் பத்துக் கூட்டம் பார்க்க வந்தது. ஐந்து செட் பல்லும் உள்ளே இருந்தும் வைக்கோல் நாற்பத்திரண்டுதான் செரித்தது. முதலாளிக்கு ஆசை விட்டுப்போயிற்று. பவுடர்காரர் வேலையை விட்டுவிட்டு ஒரு சோம்பு வியாபாரியிடம் சேர்ந்துவிட்டதாகக் கேள்வி. அந்தப் பொருளை மட்டும் அவர் கலப்படம் இல்லாமல் பார்த்திருந்தார்.

இயக்குநருக்குப் புதுப் பல் வந்தது. பேச்சும் வந்தது, ஆனால் கொட்டகையில் இல்லை. பார்வையாளர்களை இப்போது தன் அறையிலேயே உட்காரவைத்து, சுவரில் மாட்டின் படத்தைக் காட்டிப் பேசுகிறார். அறிக்கை அச்சாகி வந்தபோது ஆசிரியர்கள் என்ற இடத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது அவளுடையது, தகப்பனாரின் முதலெழுத்தோடு முழுதாக. அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோனாள். தையற்காரர் விரல் வைத்துப் படித்துவிட்டு, "யாரு இது?" என்று கேட்டு அடி வாங்கினார்.

ஒரு மாதம் கழித்து வேறொரு நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. ஆபரேட்டர் கையக்காவைக் கூப்பிட்டுக் கொடுத்தார்.

"டாக்டரம்மாங்களா?" என்றது மறுமுனை. "உங்க அறிக்கை படிச்சோம். எங்க ஜன்னல் மாடு நாலு நாளா சரியா அசை போடல. பக்கத்துலயே நின்னு பாத்துட்டிருக்கோம். என்ன குடுக்கலாம்னு சொல்லுங்கம்மா."

"எத்தனை பேரு நிக்கறீங்க?"

"இப்ப ஒம்பது பேருங்க. டாக்டருங்க நாலு பேரு."

"எல்லாரும் வெளிய போங்க."

மறுமுனைக்காரர் அதை அப்படியே மற்றவர்களிடம் திருப்பிச் சொல்வது கேட்டது.

"நானுமாங்க?"

"நீங்களுந்தாங்க" என்று சொல்லிக் கையக்கா போனை வைத்தாள். அப்புறம் உறையை மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தால் ஜன்னல் படுத்து மென்றுகொண்டிருந்தது. அதை எழுப்பாமல் உறையைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, சாப்பிடப் போய்விட்டாள்.